அப்பாவின் ஈஸ்வராவும் காணாமல் போன தண்ணீரும்

"வண்டி நின்னுருச்சுடி. ஃபெடரல் ஹைவேயில, ஷா ஆலம் தாண்டி. அப்பா உனக்குச் சொல்ல வேணாம்னாரு. நாந்தான் கூப்பிடறேன்."

அம்மாவின் குரலுக்குப் பின்னால் லோரிகள் போகும் சத்தம். கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஓரத்தில் நிற்கிறாராம். ரேடியேட்டர் மூடியில் இன்னும் கை வைக்கவில்லை, சூடு ஆறட்டும் என்று காத்திருக்கிறார் என்றார் அம்மா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்து முகம் வெந்துபோன யாரோ ஒருவரின் கதை எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

அந்த வண்டியை மூன்று நாளைக்கு முன்னால்தான் நான் சரி செய்து கொடுத்திருந்தேன்.

அது 1996ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா ஈஸ்வரா. நான் பிறந்த வருஷம் வாங்கியது. எங்கள் பெட்டாலிங் ஜெயா வீட்டு வாசலில் எனக்கும் அதற்கும் ஒரே வயது. 1983இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1985 ஜூலை 9ஆம் தேதி முதல் சாகா வெளிவந்தது. உள்ளே இருந்ததெல்லாம் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே என்ற ஜப்பானிய வண்டியின் எலும்பும் தசையும்தான். சாகா என்பது ஒரு மரத்தின் சிவப்பு விதை. தமிழில் மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி என்போம். பொற்கொல்லர்கள் தங்கத்தை நிறுக்க அதைத்தான் எடையாக வைத்திருந்தார்கள். 1992இல் முகத்தை மாற்றி அதே வண்டிக்கு ஈஸ்வரா என்று பெயர் வைத்தார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயரே போதும். "சாமி பேரு வச்ச வண்டிய விக்கக் கூடாது" என்பார். கோலாலம்பூரின் பழைய சிவப்பு வெள்ளை டாக்சி என்றால் இன்றும் என் கண்ணில் வருவது இந்த உருவம்தான். அதனாலேயே எந்தப் பழைய சாமான் கடையிலும் இதற்கு ஏதாவது ஒரு துண்டு கிடைத்துவிடும்.

இரண்டு மாதமாகவே வண்டி சூடு ஏறுகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். தொழிற்சாலையில் குளிரூட்டும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அப்பாவின் வண்டியைப் பார்க்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன்.

ஓர் என்ஜினில் எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. பழைய என்ஜினில் அதைவிடவும் குறைவு. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். மிச்சம் இருக்கும் சூட்டைத் தண்ணீர்தான் சுமக்க வேண்டும். வாட்டர் பம்ப் அதைத் தள்ளும், ரேடியேட்டரில் காற்று அதைக் குளிர வைக்கும், மறுபடியும் அது என்ஜினுக்குள் போகும். இந்தச் சுற்று எங்காவது தடைபட்டால் சூடு தேங்கும். எங்கே தடைபட்டது என்பதை, எப்போது சூடு ஏறுகிறது என்பதிலிருந்து கொஞ்சம் ஊகிக்கலாம். ஜாமில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் காற்று. ஓடும்போதே ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை.

"எப்பப்பா ஏறுது?"

"ஜாம்லதான். ஆனா எல்லா ஜாம்லயும் இல்ல."

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை.

ஃபேன் நன்றாகச் சுற்றியது. அடுத்தது தெர்மோஸ்டாட். அது ஒரு சின்ன வால்வு, உள்ளே மெழுகு இருக்கும். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் மெழுகு இளகி விரிந்து கதவைத் திறக்கும். அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை.

"அத எடுத்து எவ்ளோ வருஷமாச்சு. இந்த ஊரு சூட்டுக்கு அது வேணாம்னு ஃபோர்மன் தூக்கிப் போட்டுட்டாரு."

நம் ஊரில் பல பழைய வண்டிகளுக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது. நான் அப்பாவுக்கு ஒரு பாடமே எடுத்தேன். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் தனக்குத் தேவையான சூட்டுக்கு வராது, எண்ணெய் செலவு கூடும், என்ஜின் சீக்கிரம் தேயும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாமே உண்மைதான். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையாட்டியபடி கேட்டார். 82 என்று அச்சிட்ட புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிப் போட்டு, தண்ணீர் நிரப்பி, அரை மணி நேரம் ஓட விட்டேன். முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நின்றது.

"இப்ப பாத்தீங்களா?" என்றேன்.

மூன்றாம் நாள் ஃபெடரல் ஹைவே.

மாலையில் அப்பா வந்ததும் முள் எங்கே இருந்தது என்று கேட்டேன். "நடுவுலதான் இருந்துச்சு. அப்பறம் கீழகூட போச்சு. திடீர்னு பானெட்லேருந்து பொகை" என்றார். அது எனக்குப் புரிந்தது. முள்ளுக்குச் செய்தி சொல்கிற சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் இறங்கிப்போய் அதைச் சுற்றி ஆவி மட்டும் இருந்தால் குறைத்துத்தான் காட்டும். மிக மோசமான நேரத்தில் முள் அமைதியாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஆக வண்டியில் தண்ணீர் இல்லை. நான் தேடியது ஏன் சூடு என்பதை. தேடியிருக்க வேண்டியது தண்ணீர் எங்கே போகிறது என்பதை. அதோடு இன்னொன்றும் புரிந்தது. அது அவ்வளவு சுலபமாக விழுங்க முடிந்ததாக இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத வெறும் ஓட்டை வழியாகத் தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்ததால், கொஞ்சம் குறைந்தாலும் வண்டி எப்படியோ சமாளித்து வந்தது. நான் கதவைப் போட்டேன். தண்ணீர் குறைந்ததும் மேல்பக்கம் காற்று சேர்ந்தது. மெழுகைச் சுற்றிச் சூடான தண்ணீருக்குப் பதில் காற்று நின்றது. கதவு நேரத்துக்குத் திறக்கவில்லை. என் வேலை சரியான வேலைதான். அதுதான் அப்பாவையும் அம்மாவையும் வெயிலில் நாற்பது நிமிடம் நிற்க வைத்தது.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் ஒரு சீன அங்கிள் பானெட்டைப் பார்த்துவிட்டு, தொட்டுக்கூடப் பார்க்காமல், "கேஸ்கெட் சுடா ரோசாக்" என்றார். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்கிச் சீவ வேண்டும், ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி ஆகும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த என்ஜினின் கீழ்ப்பாதி இரும்பு, தலைப்பகுதி அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் தலை வளைந்து, நடுவில் இருக்கிற கேஸ்கெட் விட்டுக்கொடுத்துவிடும். வண்டியை இரும்புக்குப் போட்டால் கிடைப்பதைவிட அந்தச் செலவு அதிகம்.

அன்று இரவு தம்பி, "போதும்பா, குடுத்துருங்க. நான் மாசாமாசம் கட்றேன், ஒரு மைவி எடுக்கலாம்" என்றான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். தம்பி சொன்னதில் தப்பில்லை. நானும் மனதுக்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் என் தெர்மோஸ்டாட்டோடு அந்த வண்டி இரும்புக் கடைக்குப் போவதுதான் உறுத்தியது.

அடுத்த வாரம் வேலையிடத்து நண்பரிடமிருந்து இரண்டு கருவிகளைக் கடன் வாங்கி வந்தேன். முதலாவது ஒரு கண்ணாடிக் குழாய், அதில் நீல நிறத் திரவம். ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தால், கேஸ்கெட் கிழிந்து எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிடம் இழுத்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. எண்ணெயில் பால் கலந்த மாதிரி நிறம் இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. கேஸ்கெட் இல்லை.

அப்படியானால் தண்ணீர் வெளியேதான் போகிறது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது. இரவு முழுக்க அட்டை விரித்து வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

அப்போதுதான் அப்பா ஒரு பிஸ்கெட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய 555 புத்தகங்கள். மளிகைக் கடைக் கடன் எழுத எல்லார் வீட்டிலும் இருக்கிற அந்தச் சின்ன நோட்டு. அப்பா வண்டிக்கென்று தனியாக ஒன்று வைத்திருப்பது தெரியும். பெட்ரோல் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

பெட்ரோல் மட்டுமில்லை. டயர், எண்ணெய், பேட்டரி, பெல்ட் என்று எல்லாமே தேதியோடு இருந்தன. தண்ணீரும். "தண்ணி ¼ பாட்டில்." "தண்ணி ½." ஒன்றரை லிட்டர் மினரல் பாட்டில்தான் அவருடைய அளவு. காலையில் பானெட்டைத் திறந்து, மூடியைக் கழற்றி, குழாய்த் தண்ணீரை ஊற்றி, சட்டைப்பையில் இருக்கும் பேனாவால் எழுதிவிட்டுத்தான் கிளம்புவார். அந்தக் காட்சியை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடுவது மாதிரி அதுவும் ஒரு காலைப் பழக்கம் என்று நினைத்திருந்தேனே தவிர, அவர் அளந்துகொண்டிருந்தார் என்று தோன்றியதே இல்லை.

கடைசி இரண்டு வருஷத்தை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். முதலில் மாதத்துக்கு ஒருமுறை கால் பாட்டில். பிறகு இரண்டு வாரம், பிறகு ஒரு வாரம். கடைசி மாதம் கிட்டத்தட்ட தினமும். பக்கத்தில் அவர் போன இடங்களும் இருந்தன. பாசாருக்கும் கோயிலுக்கும் போன நாட்களில் தண்ணீர் குறையவே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், ரவாங் போய் வந்த மறுநாள் காலையில் அரை பாட்டில். எல்லா ஜாமிலும் இல்லை என்று அப்பா சொன்னது இதைத்தான். வண்டி முழுச் சூட்டில் நீண்ட நேரம் ஓடினால் மட்டும் தண்ணீர் போகிறது. ஆறியதும் நின்றுவிடுகிறது.

சூடான சுற்றுக்குள் அழுத்தம் இருக்கும். ரேடியேட்டர் மூடி என்பது வெறும் மூடி இல்லை, ஓர் அழுத்த வால்வு. அதன்மேல் 0.9 என்று எழுதியிருக்கும். வெளிக்காற்றைவிட அவ்வளவு பார் கூடுதல் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும். அதனால்தான் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் கிட்டத்தட்ட 120 வரை தாங்குகிறது. ஆறிய வண்டியில் அழுத்தம் இல்லை. அழுத்தம் இருந்தால் மட்டும் திறக்கிற ஓட்டை எங்கோ இருக்கிறது. சூடான இரும்பில் பட்ட உடனே தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, தரைக்கு வருவதில்லை.

இரண்டாவது கருவிக்கு வேலை வந்தது. சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்று, தலையில் ஒரு மீட்டர். ஆறிய வண்டியில் ரேடியேட்டர் வாயில் மாட்டி, கையால் அடித்து 0.9க்குக் கொண்டு வந்தேன். முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. என்ஜின் குளிர்ந்திருப்பதால் இப்போது ஒழுகினால் ஆவியாகாது. டார்ச்சும் அம்மாவின் கைக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் பார்த்தோம். அப்பாதான் முதலில் பார்த்தார். என்ஜினின் பின்பக்கம், கை நுழையாத இடத்தில், துருவின் நிறத்தில் ஒரு கோடு. அதன் மேல்முனையில் மெதுவாக ஒரு சொட்டு உருண்டது.

"அங்க பாரும்மா. அழுவுது."

அது கோர் பிளக். என்ஜினின் இரும்புக் கட்டையை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் வழிகளுக்காக உள்ளே மணல் அச்சு வைப்பார்கள். வார்த்து முடிந்ததும் அந்த மணலை வெளியே எடுக்கப் பக்கவாட்டில் வட்ட ஓட்டைகள் இருக்கும். அவற்றை ஒரு சின்னத் தகட்டு மூடியால் அடைத்துவிடுவார்கள். சில வெள்ளிக்குக் கிடைக்கிற தகடு. உள்பக்கம் எப்போதும் தண்ணீரில் இருப்பதால், துரு பிடித்தால் முதலில் ஓட்டையாவது இந்த மெல்லிய தகடுதான்.

ஏன் துரு பிடித்தது என்பதற்கான விடையும் டின்னிலேயே இருந்தது. மற்ற நோட்டுகளையும் அன்று இரவு புரட்டினேன். முதல் நோட்டில், 1996லும் 1997லும், "தண்ணி" என்ற சொல்லே இல்லை. "கூலன்ட்" என்றுதான் இருந்தது. 1998 ஆகஸ்டுக்குப் பிறகு கூலன்ட் இல்லை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகத் தண்ணி, தண்ணி, தண்ணி.

1998இல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் தாய்லாந்தில் தொடங்கிய நாணயச் சரிவு இங்கேயும் வந்துவிட்டிருந்தது. செக்‌ஷன் 51ஏ-யில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. ஒரு வருஷத்துக்கும் மேல் வேலை இல்லை. தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில். வண்டிக்கான கடன் மட்டும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வார். அந்தக் கணக்கில் விட்டுப்போனது கூலன்ட் என்பது இப்போதுதான் தெரிந்தது.

பனி விழாத நாட்டில் கூலன்ட் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். உறையாமல் இருப்பது அதன் ஒரு வேலை, அது நமக்குத் தேவையில்லைதான். துரு பிடிக்காமல் தடுக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. அப்பா தினமும் ஊற்றிய தண்ணீர் அந்த மருந்தை முதலில் நீர்த்துப்போகச் செய்து, பிறகு இல்லாமலே ஆக்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜனும் உள்ளே போனது. அவர் செய்த பராமரிப்புதான் அந்தத் தகட்டைத் தின்றது.

இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். பழசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்டேக் மேனிபோல்டைக் கழற்றினால்தான் கை போகும் என்பதால் அதே அங்கிளிடமே கொண்டு போனோம். அழுத்தச் சோதனையைப் பற்றிச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. குனிந்து தானும் பார்த்துவிட்டுச் சிரித்தார். பழையதை நெம்பி எடுத்து, பித்தளையில் ஒன்று போட்டுத் தருகிறேன், இருநூறு வெள்ளி என்றார். மாலையில் போனபோது பழைய தகட்டை ஒரு துணியில் வைத்திருந்தார். அப்பளம் மாதிரி விரலால் நொறுக்கலாம். அதை அப்பாவிடம் நீட்டி, "ஆயேர் பாய்ப், யா?" என்றார். குழாய்த் தண்ணிதானே?

அப்பா தலையாட்டினார்.

வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, என்ஜினை அணைக்காமல் கேட்டார்.

"அப்ப நாந்தான் கெடுத்தேனாம்மா?"

தொழிற்சாலையில் ஓர் எந்திரம் பழுதானால் மூலக் காரணம் என்று ஒரு பெட்டியை நிரப்ப வேண்டும். ஒரு வரிதான் எழுத இடம் இருக்கும். அந்த வரி எனக்குத் தெரியும். பொய் சொன்னால் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்பதும் தெரியும், இருபத்தேழு வருஷம் அளந்து எழுதியவர்.

"ஆமாப்பா, தண்ணியாலதான் துருப்பிடிச்சது" என்றேன். "ஆனா ஓட்ட விழுந்து ரெண்டு வருஷமாவது இருக்கும். தினமும் நீங்க பாத்து ஊத்தலன்னா அப்பவே என்ஜின் வெந்துருக்கும். கேஸ்கெட் போயிருக்கும். நான்தான் நீங்க சொன்னத கேக்கல."

அவர் கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வருஷம் ஒரு போத்தல் கூலன்ட்டு காசுக்கு உனக்குப் பால்மாவு வரும்" என்றார். குறை சொல்லவில்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. 555 நோட்டில் எழுதுகிற குரல். பிறகு என்ஜினை அணைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய தண்ணீரை வடித்தோம். தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தெளியும்வரை மூன்று முறை அலசினோம். வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் முகப்பை மேல்நோக்கி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, காற்றுக்குமிழ் நிற்கும்வரை ஓட விட்டுப் பச்சைக் கூலன்ட்டை நிரப்பினோம். இந்த வேலையை முதல் முறை நான் அவசரமாகச் செய்திருந்தேன். தெர்மோஸ்டாட் அப்படியே இருக்கட்டும் என்றார் அப்பா.

பிறகு கிள்ளானுக்குப் போனோம். கல்யாணத்துக்கு வராததற்கு மாப்பிள்ளை வீட்டில் தலையைக் காட்ட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். வரும்போது ஷா ஆலமிலிருந்து சுபாங் வரை வண்டிகள் நகரவே இல்லை. ஏர்கோனையும் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். நான் முள்ளைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்து, "ரோட்டப் பாரும்மா, முள்ள நான் பாத்துக்கறேன்" என்றார். ஓட்டிக்கொண்டிருந்தது அவர்தான்.

இப்போதும் காலையில் பானெட் திறக்கிற சத்தம் கேட்கிறது. ரேடியேட்டர் மூடியை அவர் கழற்றுவதில்லை. பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவின் கோட்டைக் குனிந்து பார்க்கிறார். போன வாரம் நோட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரே சொல்தான் எழுதியிருந்தார்: "குறையல."